மனுவில் ஒரு வரி சேருங்கள்: காவிரிப் பாசன விவசாயிகளுக்கு ஒரு திறந்த மடல்

காவிரிப் பாசன விவசாய சங்கங்களின் பெரியவர்களுக்கும், அண்ணன் தம்பிமார்களுக்கும், வயலில் நின்று பாடுபடும் அம்மா அக்காமார்களுக்கும்,

நானும் உங்கள் வீட்டுப் பிள்ளைதான். கொள்ளிடத்துத் தென்கரையில் எங்கள் தாத்தாவுக்கு மண்ணியாற்றுப் பாசனத்தில் மூன்று ஏக்கர் நிலம் இருந்தது. குறுவை பொய்த்த வருஷங்களில் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று எனக்குத் தெரியும். காய்ந்த கதிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்சியர் அலுவலக வாசலில் நின்றவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். ஆகவே, தண்ணீரின் அருமை தெரியாத யாரோ எழுதியது என்று இந்த மடலை ஒதுக்கிவிடாமல் கடைசிவரை படியுங்கள்.

2018 ஆகஸ்ட் மாதம் உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். மேட்டூர் நிரம்பி, கொள்ளிடம் இரு கரையும் தொட்டு ஓடியது. 22ஆம் தேதி இரவு முக்கொம்பு மேலணையில் 9 ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போயின. அந்த நாட்களில் ஒருநாள் அணைக்கரைப் பாலத்தில் நின்று வெள்ளம் பார்த்த கூட்டத்தில் நானும் நின்றேன். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "இம்புட்டுத் தண்ணியும் வீணா கடலுக்குப் போவுதே" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். 2012 தொடங்கி ஒரு வருஷம்கூட வழக்கமான ஜூன் 12இல் மேட்டூர் திறக்காமல் கிடந்த காலம் அது. அவர் கண்ணில் இருந்த நீரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அவர் சொன்ன அந்தச் சொல் என்னைவிட்டுப் போகவில்லை. "வீணாகக் கடலில் கலக்கிறது." பத்திரிகைத் தலைப்பில் அதுதான், மேடைப் பேச்சில் அதுதான், நம் சங்கங்கள் கொடுக்கும் மனுக்களிலும் அதுதான். கொள்ளிடத்தில் வரிசையாகக் கதவணை கட்ட வேண்டும் என்ற கோரிக்கை அந்த ஒரு சொல்லிலிருந்துதான் கிளம்புகிறது. நான் உங்களிடம் பேச வந்தது அந்தச் சொல்லைப் பற்றி.

காவிரி நடுவர் மன்றம் 2007இல் தந்த இறுதித் தீர்ப்பின் கணக்கு உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். மொத்தம் 740 டி.எம்.சி. அதில் நமக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. பிறகு உச்ச நீதிமன்றம் 2018இல் நம் பங்கை 404.25 ஆகக் குறைத்தது. நாம் எல்லோரும் அந்த எண்களோடு நின்றுவிட்டோம். நடுவர் மன்றம் பிரித்த பங்குகளைக் கூட்டிப் பாருங்கள், 740க்கு இன்னும் 14 குறையும். அந்த 14இல் 10 டி.எம்.சி. சுற்றுச்சூழலுக்கு. மீதி 4 டி.எம்.சி. கடலுக்குத் தவிர்க்க இயலாமல் போய்ச் சேரும் நீர். நான்கு மாநிலங்கள் தண்ணீருக்கு மல்லுக்கட்டிய வழக்கில்கூட ஆற்றுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கித்தான் வைத்தார்கள். அந்தப் பங்கைக் கேட்டு யாரும் மறியல் செய்வதில்லை. அந்தப் பங்குக்கு உரியவர்களுக்கு வாய் கிடையாது.

அவர்களில் ஒருவரை எங்கள் அப்பாயி நன்றாக அறிவார். உல்லம் என்று பேர். ஆடியில் புதுத்தண்ணீர் கலங்கி வரும்போது கடலிலிருந்து கொள்ளிடத்தில் ஏறி வரும் மீன். பளபளவென்று வெள்ளித் தகடு மாதிரி இருக்கும். வயிற்றோரம் அரிவாள் பல் போலச் செதில் விளிம்பு கையைக் கிழிக்கும். அப்பாயியின் சிறு வயதில் அதைச் சமைத்த நாளில் தெருவுக்கே தெரிந்துவிடுமாம், அவ்வளவு எண்ணெய், அவ்வளவு மணம். முள் மட்டும் மயிரிழை போல நூற்றுக்கணக்கில். பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, முள் எடுத்து எடுத்து, ஒவ்வொரு வாயாக ஊட்டுவாராம் அவருடைய அம்மா. சினையைத் தனியே எடுத்து மஞ்சளும் மிளகுத்தூளும் போட்டு வறுப்பது வீட்டின் மாப்பிள்ளைக்கு. இதையெல்லாம் அப்பாயி எனக்குச் சொன்னபோது கண்முன் மீன் இல்லை. கதை மட்டும் இருந்தது. நான் கொள்ளிடத்து உல்லத்தைத் தின்றதே இல்லை. இன்று நம் பக்கத்துச் சந்தையில் எப்போதாவது உல்லம் கண்ணில் பட்டால் அது வெளியூர்க் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்ததாகத்தான் இருக்கிறது.

உல்லம் கடலில் வளரும். முட்டையிட ஆற்றுக்கு வரும். ஒரு பெரிய தாய்மீன் வயிற்றில் 10 லட்சத்துக்கு மேல் முட்டை இருக்கும். நன்னீரில் பொரித்த குஞ்சு சில மாதம் ஆற்றில் தங்கி, விரலளவு வளர்ந்து, ஓட்டத்தோடு கடலுக்கு இறங்கும். விலாங்குக்கு இதுவே தலைகீழ். அது ஆற்றிலும் குளத்திலும் வருஷக்கணக்கில் வளர்ந்து, முட்டையிட ஆழ்கடலுக்குப் போகும். கண்ணாடித் துண்டு போன்ற அதன் குஞ்சுகள் கடலிலிருந்து ஆற்றைத் தேடி ஏறிவரும். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்று விலாங்கைப் பழிக்கிறோம். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே இப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்வருகிற பிராணியைப் பற்றி நமக்குத் தெரிந்தது அந்தப் பழமொழி மட்டும்தான். கொடுவாயும் மடவையும்கூட இப்படி உப்புக்கும் நன்னீருக்கும் நடுவே வாழ்பவைதான். இவற்றுக்கெல்லாம் ஆற்றின் முகத்துவாரம் ஒரு வாசல். ஆற்றுநீர் கடலில் கலந்தால்தான் அந்த வாசல் எங்கே இருக்கிறது என்று மீனுக்குத் தெரியும்.

இந்த வாசல் எப்போது சாத்தப்பட்டது? முக்கொம்பு மேலணையும் அணைக்கரைக் கீழணையும் எழுந்த 1836ஐ ஒட்டித்தான் தொடங்கியது. இரண்டையும் எழுப்பிய ஆர்தர் காட்டனை நாம் இன்றும் மரியாதையோடு நினைக்கிறோம், நினைக்கவும் வேண்டும். அதே காட்டன், 1867இல், ஆறுகளுக்குக் குறுக்கே எழுப்பிய அணைகளால் மீன்வளத்துக்குக் கேடு வரலாம் என்று இங்கிலாந்தில் இருந்த மேலிடத்துக்குத் தெரிவித்தார். கட்டியவரே கட்டியதன் குறையைச் சொன்னார். அதன் பிறகுதான் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் இந்திய ஆறுகளை அலைந்து பார்த்து, 1873இல் நன்னீர் மீன்களைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். அணைகள் மீனின் வழியை மறிப்பதும், குஞ்சு மீனைக்கூட விடாமல் அரித்துப் பிடிப்பதும் சேர்ந்தே ஆற்றை அழிக்கின்றன என்பதுதான் அவர் கண்டது. 150 வருஷம் ஆகிவிட்டது. அதற்கு மேல் புதிதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

கீழணையில் ஆங்கிலேயர் காலத்திலேயே மீன் ஏறுவதற்கு வழி வைத்துப் பார்த்தார்கள். உல்லம் அதைச் சீந்தவில்லை. துள்ளி ஏறும் குணம் அதற்கு இல்லை. கூட்டமாக, ஒரே சீரான ஓட்டத்தை எதிர்த்து நீந்தும் மீன் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெட்ராஸ் மாகாண மீன்துறை கொள்ளிடக் கரையில் உல்லத்தின் முட்டையை எடுத்துச் செயற்கையாகப் பொரிக்கவும் முயன்றது. அணை மறித்தாலும், பெருவெள்ளக் காலத்தில் அணைக்கு மேலும் கீழும் நீர்மட்டம் நெருங்கும். அந்தச் சில நாட்களில் மீன் எப்படியோ தாண்டிவந்தது. 1934இல் மேட்டூர் அணை வந்தபின் அந்த வெள்ளமும் அடங்கிவிட்டது. 93.47 டி.எம்.சி.யை ஒரே இடத்தில் நிறுத்தி, நமக்குத் தேவையான நாளில் தேவையான அளவு விட ஆரம்பித்தோம். வயலுக்கு அது வாழ்வு. மேட்டூர் வேண்டாம் என்று சொல்லும் உரிமை, அந்தத் தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்று வளர்ந்த எனக்கு இல்லை. ஆனால் ஆடி வெள்ளத்தை நம்பி வந்த மீனுக்கு என்ன ஆயிற்று என்பதை மறைக்கவும் எனக்கு உரிமை இல்லை.

கடல் பார்க்காத மீன்களுக்கும் இதே கதிதான். கருமுழிக் கெண்டை, வெண்கெண்டை, வாளை எல்லாம் ஆற்றுக்குள்ளேயே முட்டையிட இடம் தேடி மேலே ஏறுபவை. நம் முன்னோர் கரூர், திருச்சிப் பக்கம் வாய்க்கால் தலைப்பில் கொரம்பு போட்டார்கள். கல்லும் மணலும் தழையும் கொண்டு, கோடையில் ஓடும் கொஞ்சத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்பும் தடுப்பு. வெள்ளம் வந்தால் கொரம்பு தானே கரைந்துபோகும். மீன் தன் வழியே போகும். மறு கோடையில் திரும்பப் போடுவார்கள். இன்று மேட்டூரிலிருந்து இறங்கினால் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை, வெண்டிப்பாளையம் என்று மின்சாரத்துக்கான கதவணைகள் வரிசையாக நிற்கின்றன. அதற்குக் கீழே மாயனூர், முக்கொம்பு, கல்லணை. கொள்ளிடத்தில் கடலிலிருந்து ஏறும் மீனுக்குக் கீழணைக்கும் முன்னதாக ஆதனூர்-குமாரமங்கலம் கதவணை வந்துவிட்டது. ஆறு ஓடுகிற இடமாக இல்லாமல், அடுத்தடுத்து நிற்கும் குட்டைகளாக மாறிக்கொண்டிருக்கிறது.

ஒரு கதவணையின் அடியில் மீனுக்கு என்ன நடக்கிறது என்று நின்று பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு புதுவெள்ளத்தின் மூன்றாம் நாள், விடிகாலை. எல்லா ஷட்டரையும் ஒரே சீராக ஓர் அடி தூக்கியிருந்தார்கள். அடியில் தண்ணீர் பீறிட்டுக் கான்கிரீட் தளத்தில் வெள்ளையாகச் சீறியது. அந்தச் சீற்றத்துக்குள் கெண்டைகள் தலையைக் கொடுக்கின்றன; இரண்டு பாகம் முன்னேறும், தூக்கி எறியப்படும்; திரும்ப வரும். வயிறு சினையால் உருண்டிருந்தது. சில மீன்களுக்கு மூக்கு நைந்து ரத்தம் கட்டியிருந்தது. ஓரச்சுவரில் பாசி படிந்து நீர் கசியும் இடத்தில் விரல் நீளத்துக்கு நூல் போன்ற விலாங்குக் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தன. வெயில் ஏறியதும் சுவர் காய்ந்தது. பாதியில் இருந்தவை அங்கேயே ஒட்டிக் கருகின.

தளத்தின் ஓரத்திலேயே வலை. வீச்சு வலை, கட்டு வலை, அதோடு கொசுவலையைக் கம்பில் கட்டி அரிப்பவர்களும் இருந்தார்கள். எங்கேயும் போக முடியாமல் முட்டி நிற்கிற மீனைப் பிடிக்கத் திறமை வேண்டியதில்லை. எட்டு மணிக்குள் கூடைகூடையாகச் சினைமீன் கரையேறிவிட்டது. அந்த மனிதர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மணல் அள்ளிப் பள்ளமாகிப் போன ஆற்றில் வருஷத்தில் பத்து நாள் வருமானம் அது. ஆனால் அந்தப் பத்து நாள்தான் மீனுக்கும் வருஷத்தின் பிரசவ நாள். அணை வழியை மறிக்கிறது; வலை மறித்த இடத்தில் நின்று வாரிக்கொள்கிறது. இரண்டில் ஒன்று மட்டும் என்றால் மீன் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும். இதுபோக, கோடையில் தேங்கிய மடுக்களில் கரண்டு வைப்பதும், தோட்டா போடுவதும், பிளீச்சிங் பவுடர் கொட்டுவதும் நடக்கிறது. வெடியும் விஷமும் வைத்து மீன் பிடிப்பதை இந்திய மீன்வளச் சட்டம் 1897இலேயே தடை செய்துவிட்டது.

வங்கதேசத்தில் இதே மீனை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அங்கே இதற்கு இலிஷ் என்று பேர், தேசிய மீன். 2000களின் தொடக்கத்தில் பிடிப்பு 2 லட்சம் டன் அளவுக்கு இறங்கியபோது பயந்துபோனார்கள். பத்து அங்குலத்துக்குக் குறைந்த குஞ்சுமீனைப் பிடிக்கவும் விற்கவும் தடை விதித்தார்கள். குஞ்சு வளரும் ஆற்றுப் பகுதிகளைச் சரணாலயமாக அறிவித்தார்கள். முட்டையிடும் பருவத்தில், அக்டோபரை ஒட்டி, 22 நாள் மொத்தத் தடை. இதில் முக்கியமானது, தடைக்காலத்தில் மீனவர் குடும்பங்களுக்கு அரசு அரிசி கொடுத்தது. 2017-18இல் பிடிப்பு 5 லட்சம் டன்னைத் தாண்டியது. எல்லாம் தடையால் மட்டுமே வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மீனவர் வயிற்றைப் பார்த்துவிட்டுப் பிறகு சட்டம் பேசினார்கள் என்பது நமக்குப் பாடம். நம் கடற்கரையிலும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலமும் நிவாரணமும் இருக்கின்றன. அதே முறையைப் புதுவெள்ள வாரங்களில் ஆற்றுக்கும் கொண்டுவர எது தடுக்கிறது?

இந்தியப் பக்கத்துக் கங்கையில் நேர்ந்ததோ வேறு. ஃபராக்கா கதவணை 1975இல் செயல்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்பு அலகாபாத்தையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்த மீன், ஃபராக்காவோடு நின்றது. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் உல்லத்தை நம்பி இருந்த படகுக்காரர்களின் தொழில் ஒரே தலைமுறையில் ஒழிந்தது. கோதாவரியில் இதே மீன் புலசை. தாலியை விற்றாவது புலசை தின்ன வேண்டும் என்பது அந்தக் கரைப் பழமொழி. அங்கும் அது தவளேஸ்வரம் அணைக்குக் கீழேதான் கிடைக்கிறது. அங்கே முதல் அணைக்கட்டை எழுப்பியவரும் காட்டன்தான்.

மீன் ஏணி வைத்துவிட்டால் போதுமே என்று சிலர் சொல்வார்கள். தாய்லாந்தில் மூன் ஆற்றில் பாக் மூன் அணை 1994இல் முடிந்தது. ஏணியும் வைத்தார்கள். மீக்கோங்கிலிருந்து ஏறும் மீன்களில் மிகச் சிலவே அதில் ஏறின. குளிர்நாட்டுத் துள்ளுமீனுக்கான ஏணி வெப்பநாட்டுக் கெண்டைக்கும் கெளுத்திக்கும் எப்படி உதவும்? கரையோர மக்கள் வருஷக்கணக்கில் போராடியதில் 2001இல் கதவுகளைத் திறந்து வைத்துப் பார்த்தார்கள். மீன்கள் திரும்பின. சீனத்து யாங்சியில் அந்த வாய்ப்பு தவறிப்போயிற்று. கெஜோபா அணை 1981இல் ஆற்றை மறித்தது. துடுப்பு மூக்கு கொண்ட பெரிய மீன் ஒன்று, மேலே போய் முட்டையிட வழியில்லாமல், அதிக மீன்பிடிப்பிலும் சிக்கி, 2003இல் கடைசியாகக் கண்ணில் பட்டது. 2022இல் அந்த இனமே உலகில் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

ஏணி வேண்டாம், குஞ்சு வாங்கி ஆற்றில் விடலாம் என்பவர்களுக்கு நம் காவிரியிலேயே பதில் இருக்கிறது. 1946இல் கபினியில் 120 பவுண்டு எடையுள்ள திமில் மஹ்சீர் மீன் ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார்கள். காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறு எங்கும் இல்லாத இனம். ஆற்றில் மீன் குறைகிறது என்று 1970களிலிருந்து மகாராஷ்டிரத்துப் பண்ணையின் வேறு ஒரு மஹ்சீர் இனத்தின் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். நல்லெண்ணத்தில்தான் விட்டார்கள். வந்த மீன் பெருகியது, சொந்த மீன் அருகியது. திமில் மஹ்சீருக்கு முறையான அறிவியல் பெயர் எது என்பது தெளிவானதே 2018இல்தான். அந்த ஆண்டிலேயே அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலுக்குப் போய்விட்டது. நம் மாயாற்றில் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. வழியைத் திறக்காமல் குஞ்சை மட்டும் விடுவது, வீட்டைப் பூட்டிவிட்டு விருந்துக்கு அழைப்பது போன்றது.

அப்படியானால் என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். மேட்டூரின் 214 அடிச் சுவரில் மீனை ஏற்ற யாராலும் முடியாது. அதைக் கேட்கவில்லை. கொள்ளிடத்துக் கதவணைகள் அப்படியல்ல. சில ஆள் உயரம்தான். கதவணையின் ஒரு கரையோரமாக, அணையைச் சுற்றி, சரிவான கல்வாய்க்கால் ஒன்று வெட்டலாம். அடியில் பெரிய கற்களைப் பரப்பினால் ஓட்டம் தணியும், மீன் கல்லுக்குக் கல் ஒதுங்கி இளைப்பாறி ஏறும், விலாங்குக் குஞ்சுக்கு ஈரச் சுவரும் கிடைக்கும். பிற நாடுகளில் இது கைகண்ட வழி. புதிய அணைக்கான மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட்டால் செலவும் பெரிதில்லை. கட்டி முடித்தபின் உடைத்து வைப்பதுதான் செலவு. எல்லா ஷட்டரையும் ஒரே அளவில் தூக்குவது அணைத்தளம் அரிக்காமல் இருக்கத்தான் என்று பொறியாளர்கள் சொல்வார்கள். அது நியாயமான கவலை. தளத்தைப் பலப்படுத்தி, புதுவெள்ளத்தின் முதல் சில நாட்கள் ஓரத்து ஷட்டர்கள் இரண்டை மட்டும் முழுக்கத் தூக்கிவைக்க முடியுமா என்று அவர்களையே ஆராயச் சொல்லலாம். வெள்ளநாளில் அந்தத் தண்ணீர் எப்படியும் கீழே போகப்போகிற தண்ணீர்தான். உங்கள் வாய்க்காலில் ஒரு சொட்டும் குறையாது.

நீர்வளத்துறைக்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் தெரியுமா? கொள்ளிடத்தில் கதவணை வருவது உங்கள் மனுவால். நீங்கள் கேட்காத எதையும் அதிகாரிகள் திட்டத்தில் சேர்க்க மாட்டார்கள்; நீங்கள் கேட்டால் மறுக்கவும் மாட்டார்கள். மீனவர்கள் இதைக் கேட்டால் விவசாயிக்கு எதிராகப் பேசுகிறார்கள் என்று ஆகிவிடும். நாமே கேட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வயலுக்கும் மீனுக்கும் வழக்கு இல்லை என்பதைச் சொல்லும் தகுதி உங்களுக்குத்தான் இருக்கிறது.

அடுத்த முறை கதவணை கேட்டு மனு எழுதும்போது கையெழுத்துக்கு மேலே இந்த வரியையும் சேர்த்து எழுதுங்கள்: "கட்டப்படும் ஒவ்வொரு கதவணையிலும் நம் ஆற்று மீன்களுக்கு ஏற்ற மீன்வழி அமைக்க வேண்டும், புதுவெள்ள வாரங்களில் அணையடியில் மீன்பிடிப்பை நிறுத்தி, மீனவர் குடும்பங்களுக்கு நிவாரணம் வழங்க வேண்டும்."

இப்படிக்கு,
கொள்ளிடத் தென்கரையில் பிறந்த
உங்களில் ஒருவர்